கவாத்துக் கத்தியைக் கையில் எடு!

“நேரம் வரட்டும், பார்க்கலாம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்களை மாசி மாதத்தில் ஒருமுறை கம்பம் பள்ளத்தாக்குக்கு அழைத்து வர வேண்டும்.

பின்பனி இன்னும் முழுதாக விலகியிருக்காது. விடிகாலையில் மேகமலைப் பக்கமிருந்து குளிர் இறங்கும்; பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகில் உறைக்கும். போடியில் மாமரங்கள் பிஞ்சு பிடித்து நிற்கும். இலவமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் காயும் கிளையுமாக இருக்கும். இவை பருவத்தின் பேச்சைக் கேட்டு நடக்கும் மரங்கள்.

அப்படியே சுருளிப்பட்டிக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் வா. பன்னீர்த் திராட்சைப் பந்தல்களைப் பார். ஒரு தோட்டத்தில் குலைகள் கறுத்துத் தொங்கும். வரப்பைத் தாண்டினால் அடுத்த தோட்டத்தில் அப்போதுதான் தளிர் எட்டிப்பார்க்கும். அதற்கும் அடுத்ததில் இலையே இல்லாத வெறுங்கொடி. அதே மண், அதே வெயில், அதே தண்ணீர். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: கவாத்து செய்த நாள், அதாவது கிளைகளை வெட்டிவிட்ட நாள்!

குளிர்நாட்டுத் திராட்சை பனிக்காலம் முழுக்க உறங்கும். வசந்தம் வந்து எழுப்பினால்தான் துளிர்க்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் பள்ளத்தாக்கில் கொடியை உறங்க வைக்கும் குளிரும் இல்லை, எழுப்பிவிடும் வசந்தமும் இல்லை. கொடியை எழுப்புவது உழவனின் கத்தி! வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம். மார்கழி, தையில் கவாத்து செய்தவர் சித்திரை, வைகாசியில் அறுக்கிறார். வைகாசி, ஆனியில் செய்தவர் ஆவணி, புரட்டாசியில் அறுக்கிறார். ஆளுக்கொரு நாளாக மாற்றி மாற்றி வெட்டுவதால் ஆண்டு முழுக்க இங்கிருந்து பழம் போய்க்கொண்டே இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் பெருமையே இதுதான். பருவத்துக்குக் காத்திருக்காமல் பருவத்தை உண்டாக்கியவர்கள் இந்த மண்ணின் உழவர்கள்!

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் தந்த பி.கே.எம்.1 முருங்கைக்கும் இதே பாடம்தான். செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு என்கிறார்கள். நுனி இருக்கும்வரை கீழுள்ள மொட்டுகளை அது அடக்கியே வைத்திருக்கும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துக் கிளம்பும். கிளைக்குக் கிளை காய் தொங்கும். கிள்ள மனம் வராவிட்டால் ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டே போகும்.

தம்பி, தங்கச்சி, உனக்குள்ளும் மொட்டுகள் அடங்கிக் கிடக்கின்றன. எந்த நுனி அவற்றை அடக்குகிறது? விடிய விடியக் கைப்பேசியா? “நமக்கெல்லாம் இது வருமா” என்ற தயக்கமா? பழைய தோல்வியை நினைத்து நினைத்து மருகுவதா? வெட்டு!

வலிக்கும். கவாத்து செய்த கொடியின் வெட்டுவாயில் நீர் சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்தால் புதியவர்களுக்கு நெஞ்சு பதறும். தோட்டக்காரர் பதறுவதில்லை. வெட்டுவாயில் போர்டோ பசை மருந்தைத் தடவிவிட்டு அடுத்த கிளைக்கு நகர்கிறார். கண்ணை மூடிக்கொண்டும் அவர் வெட்டுவதில்லை. முற்றிய கிளையில் நாலைந்து மொட்டுக் கண் விட்டு வெட்டுகிறார். மெலிந்த கிளையில் ஒன்றிரண்டு கண்தான் விடுகிறார்: இந்தத் தடவை காய்க்க வேண்டாம், தெம்பேறட்டும் என்று. நீயும் உன் பலத்தை அறிந்து வெட்டு. தேறிய திறமைக்கு இன்றே வேலை கொடு. தேறாததற்குப் பயிற்சி கொடு. பலன் கேட்டு அவசரப்படாதே.

தடைகள் வரும். இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்த கதையைக் கேள். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு. 1887-இல் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் அணை வேலை தொடங்கியது. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காட்டுக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. அவர்கள் கைவிடவில்லை. 1895-இல் அணை எழுந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கிழக்கே திரும்பியது. இன்றும் இங்குள்ள மக்கள் பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15 அன்று நன்றியோடு பொங்கல் வைக்கிறார்கள். ஆற்றின் திசையையே மனித உறுதி மாற்றியிருக்கும்போது, உன் ஒரு நாளின் திசையை உன்னால் மாற்ற முடியாதா?

முடியும்! படிக்க வேண்டிய பாடத்தை இன்றிரவே எடு. அனுப்பாமல் வைத்திருக்கும் விண்ணப்பத்தை இன்றே அனுப்பு. பேசத் தயங்கும் மேடையில் பெயர் கொடு. இன்று வெட்டினால் நாலு மாதத்தில் பழம். நாளைக்கு என்று தள்ளினால் அந்த நாலு மாதமும் நாளைக்குத்தான் தொடங்கும். நீ தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் உன் அறுவடை ஒரு நாள் பின்னால் போகிறது. எழு, இன்றைக்கே வெட்டு!