சேமக்காலையில் ஒரு தும்பை



கார்த்திகை 2ஆந் திகதி மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். அதற்கு முன்னரே மண்வெட்டியும் கத்தியுமாய்ச் சேமக்காலைக்குப் போய், நம்மவரின் கல்லறைகளைச் சுற்றிப் புல் செருக்கி, வெள்ளை பூசுவது நமது குடும்பங்களின் வழக்கம். அப்போது நமது கைக்கு அகப்படும் பூண்டுகளில் ஒன்று தும்பை. இம்முறை அதைப் பிடுங்கி எறியுமுன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

பெரும்பாலும் முழங்காலுக்கு மேல் உயராத ஓராண்டுப் பூண்டு அது. தண்டு நாற்சதுரமானது, விரல்களுக்கிடையில் உருட்டினால் தெரியும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும், தடவினால் சுரசுரக்கும். தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் லியூக்காஸ் அஸ்பெரா. முதற்சொல் வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மற்றது இலத்தீன், கரடானது என்று பொருள். கரடான உடலில் வெள்ளைப் பூ!

பூவின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான். அதற்கு இரண்டு உதடுகள். கீழுதடு, வரும் விருந்தாளிக்குத் திண்ணைபோல அகன்றிருக்கும். மேலுதடு சிறியது, மெல்லிய மயிர் மூடி, தன் கீழே நான்கு கேசரங்களைக் காத்து நிற்கும். தேனை நாடித் தேனீ தலையை நுழைக்கும்போது மகரந்தம் அதன் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். நாம் மிதித்துப் போகும் பூண்டில் இத்தனை ஏற்பாடு!

காட்டுப் பூக்களைக் காட்டி நமதாண்டவர் போதித்ததை மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சாலமோன் அரசனின் ஆடம்பரத்தையும் அவற்றுக்குக் கீழாகவே வைத்தார். ஆனால் அந்தப் புல் நாளைக்கு அடுப்புக்குப் போகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இதை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். கவலை வேண்டாம் என்றவர், பூ வாடாது என்று சொல்லவில்லை.

இதை எழுதுகையில், துப்புரவாக்க ஒரு கல்லறைதானும் இல்லாத தாய்மார் என் நினைவுக்கு வருகிறார்கள். 2009இல் முடிந்த போரில் பிள்ளையைத் தொலைத்து, இருக்கிறானோ இல்லையோ என்று அறியாமல், சேமக்காலை நடுவிலுள்ள பெரிய குருசடியில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள் அவர்கள். “கவலைப்படாதேயுங்கள்” என்று அவர்களுக்குச் சுலபமாய்ச் சொல்லிவிட எந்தக் குருவானவருக்கும் உரிமை இல்லை. தும்பையைக் காட்டி ஒன்று மட்டும் சொல்லலாம்.

பூ உதிர்ந்தபின் செடியில் எஞ்சுவது சிறு கிண்ணம் போன்ற புல்லிவட்டம். வெறுமையாய்த் தோன்றும். பிரித்துப் பாருங்கள்: அடியில் நான்கு சின்னஞ்சிறு மணிகள் இருக்கும். கோடையில் செடி காய்ந்து, நின்ற இடமும் தெரியாமல் போகும். மணியோ மண்ணில் கிடக்கும். அடுத்த மாரிக்கு, விதைப்பார் இல்லாமலே முளைக்கும். அது கிடந்த இடம் நமக்குத் தெரியாது, படைத்தவருக்குத் தெரியும். கோதுமை மணியை உவமையாக்கி ஆண்டவர் கற்பித்ததும், தாமே கல்லறையில் கிடந்து உயிர்த்துக் காட்டியதும் இந்த விசுவாசத்தையே.

ஆகவே, உங்கள் கல்லறையைத் துப்புரவாக்கி முடிந்ததும், வருவாரில்லாத ஒரு கல்லறையையும் செருக்கிவிடுங்கள். குருசடியில் தனியே நிற்கும் தாயிடம் போய், அவருடைய பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அன்றிரவு வீட்டுச் செபமாலையில், உங்கள் மரித்தோரின் பெயர்களோடு அந்தப் பெயரையும் சொல்லி மன்றாடுங்கள்.