வெற்றியும் நீதியும்

குற்றம் சாட்டி வாதாடும் அரசு வழக்கறிஞர் யார் பக்கம் நிற்கிறார்? பாதிக்கப்பட்டவர் பக்கம் என்போம். அரசின் பக்கம் என்பாரும் உண்டு. எதிரே கூண்டில் நிற்பவருக்கும் அவர் கடமைப்பட்டவர் என்று சொன்னால் நமக்கு வியப்பாக இருக்கும். ஆயினும் அப்பணியின் அறம் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இப்பணி பெரும்பாலும் உள்ளாட்சி அலுவலகம் ஒன்றைச் சார்ந்தது. பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட வழக்கறிஞரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அவருக்குக் கீழே உதவி வழக்கறிஞர்கள் பணியாற்றுகின்றனர். அரசு வழக்கறிஞரின் நோக்கம் வழக்கில் வெல்வதன்று, நீதி நிலைபெறச் செய்வதே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1935-இல் உரைத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்றை, அவர் தரப்பு கேட்டும் மறைப்பது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று 1963-இல் தீர்ப்பளித்தது.

லூசியானா மாநிலத்தில் மாவட்டத்தைப் ‘பாரிஷ்’ என்றே அழைக்கின்றனர். கத்தோலிக்கப் பங்குகளின் பழைய எல்லைகள் விட்டுச் சென்ற பெயர் அது. அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரில், 1985-இல், ஜான் தாம்ப்சன் என்னும் கறுப்பின இளைஞர் மீது கொள்ளை முயற்சி வழக்கொன்றும் கொலை வழக்கொன்றும் தொடரப்பட்டன. கொள்ளையனின் இரத்தம் பாதிக்கப்பட்ட ஒருவரின் உடையில் படிந்திருந்தது. அது ‘பி’ வகை என்று ஆய்வறிக்கை கூறியது. தாம்ப்சனின் இரத்தமோ ‘ஓ’ வகை. அந்த அறிக்கை எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை. கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர், அது தமக்கு எதிராகப் பயன்படும் என்பதால், கொலை வழக்கில் சாட்சிக் கூண்டேறித் தம் தரப்பைச் சொல்ல இயலாது போயிற்று. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

1994-இல், தாம் இறக்கப் போவதை அறிந்த உதவி வழக்கறிஞர் ஒருவர், இரத்தச் சான்றை வேண்டுமென்றே மறைத்ததைத் தம் நண்பரிடம் ஒப்புக்கொண்டார். நண்பரும் அதே அலுவலகத்தில் முன்பு பணியாற்றியவரே. அவர் ஐந்து ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 1999-இல், தூக்குமேடைக்கு ஒப்பான அந்நாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது, தாம்ப்சன் தரப்பின் புலனாய்வாளர் ஒருவரே அந்த அறிக்கையைக் கண்டெடுத்தார். 2003-இல் நடந்த மறு விசாரணையில் ஜூரிகள் 35 நிமிடங்களில் அவரைக் குற்றமற்றவர் என்றனர். அதற்குள் 18 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. அவற்றுள் 14 ஆண்டுகள் மரண தண்டனைக் கைதியாக.

சான்றை மறைத்தவரைக் கொடியவர் என்று சொல்லி நாம் எளிதில் ஒதுங்கிவிடலாம். ஆனால் இத்தகைய பிழைக்குக் கொடிய உள்ளம் தேவையில்லை; ஐயமற்ற உள்ளமே போதும். ‘இவனே குற்றவாளி’ என்று ஒருமுறை உறுதிகொண்டவருக்கு, மாறான சான்று உண்மையாகத் தோன்றாது, இடையூறாகவே தோன்றும். கண்ணீரோடு நிற்கும் குடும்பத்திற்கு நீதி பெற்றுத் தருவதாகவே அவர் எண்ணியும் இருக்கலாம். ஆனால் தவறான ஆளைத் தண்டித்து அக்குடும்பத்திற்கு என்ன நீதி தர முடியும்? உண்மைக் குற்றவாளி வெளியே நடமாடுகிறான். ஒரு துயரம் இரண்டாகிறது.

நண்பரின் மௌனமும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 2005-இல் லூசியானா உச்ச நீதிமன்றம் அவரை வெளிப்படையாகக் கண்டித்தது. இறப்பவரின் நம்பிக்கையைக் காப்பது நல்லதன்றோ என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்த இரகசியத்தின் விலையைச் செலுத்திக்கொண்டிருந்தவர் நண்பர் அல்லர், சிறையறையில் இருந்த வேறொருவர். மனம் வருந்துதல் பெரிது. ஆயினும் விளைந்த தீங்கை ஈடுசெய்யாத வருத்தம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதை நம் திருச்சபை நமக்குக் கற்பித்தே வந்திருக்கிறது.

தாம்ப்சனுக்கு ஜூரிகள் வழங்கிய 1 கோடியே 40 இலட்சம் டாலர் இழப்பீட்டை, 2011-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் இரத்து செய்தது. அவரோ, தம்மைப்போல் விடுதலையானோர் வாழ்வைத் தொடங்க ஓர் அமைப்பை நிறுவினார். அதன் பெயரிலேயே ‘உயிர்த்தெழுதல்’ என்னும் சொல்லை வைத்தார். 2017-இல் மறைந்தார்.

நம்மில் வழக்கறிஞர்கள் சிலரே. குற்றஞ்சாட்டுவோரோ அனைவரும். குடும்பத்திலும் பங்கிலும் ஒருவரைக் குறை கூறும்போது, அவருக்குச் சாதகமாக நாம் அறிந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறோமா? சொல்லாமல் விட்டுவிட்டு, ‘யாரும் கேட்கவில்லையே’ என்கிறோமா? அந்த ஆய்வறிக்கையும் பதினான்கு ஆண்டுகள் யாரும் காணாமல்தான் கிடந்தது.