பிரிபடாத பாகம்

வீடு விற்பவர்கள் விளம்பரங்களில் கையாளும் சொற்கள் மிகச் சிலவே. இரண்டு படுக்கையறை, நல்ல வெளிச்சம், காற்றோட்டம், அமைதியான பகுதி. சென்னையின் தென்புறநகர்களில் புழங்கிய இவ்வாசகம் இன்று ஜி.எஸ்.டி. சாலை வழியே செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் வரை வந்துவிட்டது. சுவரையும் தரையையும் விலை கூறுவதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் வெளிச்சமும் அமைதியும் விற்பவருடைய உடைமைகளா?

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இதற்கு ஓரளவு விடை கூறுகிறது. ஒரு கட்டடத்திற்குள் வரும் ஒளியையும் காற்றையும் 20 ஆண்டுகள் தடையின்றி, அமைதியாக, உரிமையோடு அனுபவித்திருந்தால்தான் அது நிலைத்த உரிமையாகும். நேற்றுக் கட்டிய அடுக்ககத்திற்கு அவ்வுரிமை ஏது? கீழ்த்திசைச் சன்னல் வழியே கூடத்தில் விழும் இளவெயில், பெரும்பாலும் பக்கத்து மனைக்காரர் இன்னும் வீடு கட்டவில்லை என்பதால் வருவது. மகளின் திருமணச் செலவிலோ மருத்துவச் செலவிலோ அவருடைய சேமிப்புக் கரைந்திருக்கலாம். அவருடைய இயலாமை, நம் வீட்டின் விலையில் சதுர அடிக் கணக்கில் ஏறி அமர்ந்திருக்கிறது. அவர் கடைக்கால் தோண்டும் நாளில், ‘எங்கள் வெளிச்சம் போயிற்றே’ என்று நாம் மனு எழுதுகிறோம்.

முப்பது ஆண்டு உழைத்து, வங்கிக் கடனில் ஒரு வீடு வாங்குபவர் கொஞ்சம் வெளிச்சத்தை விரும்புவது பாவமா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. பட்டப்பகலிலும் விளக்கெரிய வேண்டிய ஒண்டுக்குடித்தனத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். உழைத்துச் சேர்த்த கூலியில் உடைமை தேடும் தொழிலாளியின் உரிமையை 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் உறுதியாகக் காத்தார். 1967-இல் ஆறாம் பவுல், அவ்வுரிமை எல்லையற்றதன்று என்றார். முன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நமக்கு எளிதாக இருக்கிறது. கதிரவனை உதிக்கச் செய்வதில் தந்தை ஆள் பார்ப்பதில்லை என்ற மலைப்பொழிவுப் போதனையைக் கேட்டுவிட்டுத்தான் நாம் மனு எழுதப் போகிறோம்.

அமைதியின் கணக்கு இதைவிடக் கடியது. கட்டடம் எழும்பும் மாதங்களில் அங்கேயே தகரக் கொட்டகைகளில் பிள்ளைகுட்டிகளோடு தங்கியிருந்தவர்கள், பூச்சு வேலை முடிந்ததும் வேறிடம் அனுப்பப்படுகிறார்கள். பின்னரே அப்பகுதி ‘அமைதியானது’ ஆகிறது. வாடகைக்கு வருவோரின் உணவையும் சாதியையும் சமயத்தையும் விசாரித்து, கதவைப் பாதி திறந்தபடியே மறுத்தனுப்புவதும் இந்த அமைதிக்காகத்தான். (கிறித்தவர் என்பதற்காக மறுக்கப்படும்போது நமக்குக் கோபம் வருகிறது. நாம் மறுக்கும்போது வேறு காரணம் சொல்கிறோம்.)

மதுராந்தகத்தார்க்கு இது புரியாத செய்தியன்று. ஏரி காத்த ராமர் என்று கோயிலின் பெயரிலேயே ஏரியைக் காப்பதை ஊர் பொறித்து வைத்திருக்கிறது. கரை உடைந்தால் யாருடைய வயலும் தனியே தப்பாது. தலைமடைக்காரர் தண்ணீர் முழுவதையும் தம் வயலுக்கே திருப்பிக்கொண்டால் கடைமடைக்காரர் வந்து கேட்பார். அவர் கேட்பது பிச்சையன்று என்பது ஏரிப் பாசனத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். ஒளிக்கும் தலைமடை, கடைமடை உண்டு. தரைத்தளத்தின் பின்பக்க வீடுகளில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் வீடுகளை இருவகையாகப் பிரிக்கிறது. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவர் ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவர்க்கே நிலைத்துவிடும். மதில் இல்லாத சிற்றூர்களின் வீடுகளோ வயல்களோடு சேர்த்து எண்ணப்பட்டு, யூபிலி ஆண்டில் விற்றவரிடமே திரும்பும். நிலம் ஆண்டவருடையது என்பதே காரணம். மதுராந்தகத்து மாடி வீட்டை இவற்றில் எதில் சேர்ப்பது? ஊருக்கு மதிலும் இல்லை, ஏர் ஓடிய நிலம் தொலைவிலும் இல்லை.

நம் பத்திரங்களோ தெரிந்தோ தெரியாமலோ ஓர் உண்மையை எழுதி வைக்கின்றன. அடுக்ககத்தில் வீடு வாங்குபவர்க்கு மனையில் எழுதித் தரப்படுவது ‘பிரிபடாத பாகம்’. இத்தனை சதுர அடி என்று அளவு இருக்கும். அது எந்த மூலையில் இருக்கிறது, எந்த மரத்தடியில் தொடங்குகிறது என்று கேட்டால், எழுதிய பத்திர எழுத்தராலும் பதிவு செய்த சார்பதிவாளராலும் சுட்டிக்காட்ட முடியாது.