யார் கொடுக்க வேண்டிய இலவசம்?

சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியான நாவல், காட்சி முடிந்த சூட்டோடு டெலிகிராம் குழுக்களில் பிடிஎஃப் கோப்பாகச் சுற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்லாம் கைப்பேசியில் படமெடுத்துச் சேர்த்த பக்கங்கள். புத்தகத்தை விரித்துப் பிடித்த கட்டைவிரல்கூட ஓரத்தில் தெரியும். கீழே வரிசையாக நன்றிகள். எழுதியவர் மனம் வருந்தி ஏதாவது சொன்னால் உடனே பதில் வரும்: "இதைப் படிப்பவர்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை. உங்களுக்கு என்ன நட்டம்?"

இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பதிவிறக்கத்தையும் ஒரு விற்பனை இழப்பாக எண்ணிக் கோடிகளில் நட்டம் காட்டுவது தவறான கணக்குதான். கோப்பு பரிமாற்றத்தால் அமெரிக்க இசைத்தட்டு விற்பனை குறைந்ததாக நிறுவ முடியவில்லை என்று ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற இரு பொருளியலாளர்கள் 2007இல் எழுதினார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு. ஐரோப்பிய ஆணையம் பணம் கொடுத்துச் செய்வித்த ஓர் ஆய்வு 2015இல் முடிந்தது. 2017இல்தான் வெளியே வந்தது. இசை, நூல், விளையாட்டு ஆகியவற்றில் திருட்டுப் பிரதிகள் விற்பனையைக் குறைக்கின்றன என்பதற்கு உறுதியான புள்ளிவிவரச் சான்று இல்லை என்றது அது.

ஆனால் அதே அறிக்கையில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. புதிதாக வெளியான பெரிய படங்களில், திருட்டுத்தனமாகப் பார்க்கப்படும் ஒவ்வொரு பத்துக்கும் முறையான பார்வைகளில் நான்கு குறைகின்றன என்பது ஒன்று. சான்று கிடைக்காததால் பாதிப்பே இல்லை என்று கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கை மற்றொன்று. திருட்டுப் பிரதிக்காக வாதாடுகிறவர்கள் இந்த இரண்டையும் சொல்வதில்லை.

மேலும், இவையெல்லாம் பெரிய சந்தைகளின் சராசரிகள். தமிழில் ஒரு நூலின் கணக்கு வேறு. விலை 300 ரூபாய், எழுத்தாளர் பங்கு வழக்கமான பத்து சதவீதம், அச்சிட்டது 500 பிரதி என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் விற்றுத் தீர்ந்தால் எழுத்தாளருக்குக் கிடைப்பது 15,000 ரூபாய். சில ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதான். பிடிஎஃப் இறக்கியவர்களில் 50 பேர் மட்டுமே உண்மையில் வாங்கியிருப்பார்கள் என்றால் எழுத்தாளர் இழப்பது 1,500 ரூபாய். சின்னத் தொகைதானே என்று தோன்றும். பதிப்பாளர் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. முதல் சில நூறு பிரதிகள் தாள், அச்சு, கடைக்காரர் கழிவு என்றே போய்விடும். கையில் நிற்கும் பணம் கடைசியில் விற்கும் பிரதிகளிலிருந்துதான் வரவேண்டும். அந்த 50 பிரதி கிடங்கில் தங்கிவிட்டால் மறுபதிப்பு வராது, அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்துக்கும் தயக்கம் வரும். எந்தச் சராசரியிலும் தென்படாத அளவு சிறிய இழப்பு, சிறிய மொழிச் சந்தையில் ஒரு நூலின் ஆயுளையே தீர்மானித்துவிடும்.

நாவலாசிரியர் பாவ்லோ கொய்லோவை இந்த வாதத்தில் அடிக்கடி இழுக்கிறார்கள். தம் நூலின் ரஷ்ய மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பிறகு அங்கே விற்பனை பெருகியது என்று அவரே சொல்லியிருக்கிறார்; இலவசக் கோப்புகளை வாசகருக்குக் காட்டியும் கொடுத்தார். சரி, அது அவருடைய நூல், அவர் எடுத்த முடிவு. தமிழிலும் தம் நூலைத் தாமே இலவசமாக வெளியிடும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். இலவசம் விற்பனையை வளர்க்குமா என்று சோதித்துப் பார்க்கும் உரிமை எழுதியவருடையது. நன்மைதானே செய்கிறோம் என்று அவரைக் கேட்காமல் அவர் பொருளை எடுத்து ஊருக்கு வழங்குகிறவர், அவர் எடுக்க வேண்டிய முடிவைத் தாம் எடுத்துவிடுகிறார். விற்பனை ஒரு பிரதிகூடக் குறையாவிட்டாலும் அந்தத் தவறு தவறாகவே நிற்கும்.

வாங்க வழியே இல்லாத நூல்களின் நிலை வேறு. பதிப்பு நின்றுபோன நாவலை வெளிநாட்டில் இருக்கும் தமிழர் எங்கே போய் வாங்குவார்? விற்பனைக்கே இல்லாத நூலுக்கு விற்பனை இழப்பு என்ற பேச்சுக்கு இடமில்லை. அங்கே பிரதி எடுப்பவரைத் திருடர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அதற்கும் நேரான வழிகள் இருக்கின்றன. 1998 முதல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தருகிறது. ஈழத்து எழுத்துகளை நூலகம் நிறுவனம் ஆவணப்படுத்துகிறது. கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் எழுத்துகளைத் தமிழக அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பதிப்பாளர்களுக்கும் இதில் பொறுப்புண்டு: மறுபதிப்பு போட முடியாத நூலை மலிவான மின்னூலாகவாவது கிடைக்கச் செய்ய வேண்டும்.

வாங்க முடியாதவர் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம், நண்பரிடம் இரவல் பெறலாம். அடுத்த முறை கைப்பேசிக்கு ஒரு பிடிஎஃப் வந்தால், அந்த நூல் கடையில் கிடைக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். கிடைக்கிறதென்றால், தயவுசெய்து அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.