உறக்கம் யாருடைய உடைமை?

"விழித்தெழு!" என்று முழங்கிய நாடு இது. மேடைதோறும் அம் முழக்கம். ஏடுதோறும் அதே எழுத்து. உறங்கிக் கிடக்கிறான் தமிழன், தட்டி எழுப்புவோம் என்று பேசிப் பேசி, உறக்கம் என்ற சொல்லையே அடிமைத்தனத்தின் மறுபெயராக்கி விட்டோம். கண் மூடினால் அறியாமை, கண் திறந்தால் அறிவு! உவமை என்ற அளவில் அது அழகு, பயனும் உடையது. ஆனால், உவமையை உண்மையென்று கொண்டு, உடலின் உறக்கத்தையே பகையாகக் கருதி, இரவெல்லாம் விழித்திருப்பதை வீரம் என்று எண்ணிடும் இளைஞர்களைக் காணும்போது, விழிப்பைப் பற்றியே எழுதிப் பழகிய இந்தக் கை, இன்று வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது — தோழனே, உறங்கு!

வியப்பாக இருக்கிறதா? இப்படி எழுத வைத்தவன் வேளாங்கண்ணியைச் சேர்ந்த ஓர் இளைஞன். அங்கே ஒரு தங்கும் விடுதியில் வேலை. ஆகஸ்டு 29இல் கொடி ஏறி, செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவிலே, ஊர் உறங்குவதில்லை. நடந்தே வருவோர், வண்டிகளில் வருவோர், இலட்சக்கணக்கில் வந்து குவிகின்றனர். விளக்கு அணைவதில்லை, கடை மூடுவதில்லை. அறையைத் திறந்துவிட, தண்ணீர் தூக்க, பெட்டி சுமக்க, இரவு முழுதும் இவன் நின்றான். விழா முடிந்தது, கொடி இறங்கியது, கூட்டம் கலைந்தது. இவனுடைய உறக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

"அண்ணே, நாற்பது நாள் ஆகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு முன்பு கண் மூட முடியவில்லை. பகல் முறைக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் தாமதமாகப் போனேன், கூலியைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது முறையென்றால் வேலை போகும் என்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கவும் முடியவில்லை. பாட்டி கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். சோதிடர் சனி பார்க்கிறான் என்றார். முதலாளி, நீ சோம்பேறி என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

மூன்று தீர்ப்புகள்! கண்ணேறு, கிரகம், சோம்பல். முதல் இரண்டையும் மறுக்க இந்த ஏட்டின் வாசகர்கட்கு நான் தேவையில்லை. பாட்டியின் மிளகாயிலே பாசமாவது இருக்கிறது. சனியோ, கோடிக்கணக்கான கல் தொலைவிலே தன் போக்கில் சுற்றுகிறது, அதற்கு நம் விடுதிப் பையனின் பாயைப் பற்றிக் கவலையில்லை. நான் அஞ்சுவது மூன்றாவது தீர்ப்பைக் கண்டுதான். முன்னவை இரண்டும் மூடநம்பிக்கை என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்றாவதோ, ஒழுக்கம் என்ற உடை உடுத்தி வருகிறது. பகுத்தறிவாளன்கூட எழுந்து நின்று வணக்கம் கூறிவிடுகிறான்!

வள்ளுவரே துயிலைக் கடிந்தாரே என்பர். ஆம், கடிந்தார். 'மடியின்மை' என்று தனி அதிகாரம் வகுத்தார். காலத்தை நீட்டித்தல், மறதி, மடி, துயில் என நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தி, கெடுவோர் விரும்பி ஏறும் கலம் என்று எச்சரித்தார். ஆனால், அங்கே துயில் யாருடன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கடமையைத் தட்டிக் கழிப்போனின் துயில் அது. உழைத்துக் களைத்தவனின் உறக்கமன்று. பதினோர் இரவு நின்ற காலுக்கு அந்தக் குறளைச் சுட்டிக் காட்டுவது, வள்ளுவர்மீது சுமத்தப்படும் பழி!

உடல் என்ன கூறுகிறது? அதையும் கேட்போம்.

நம் வயல் வரப்பிலும் வழியோரத்திலும் தொட்டாற்சுருங்கி முளைத்துக் கிடக்கிறது. பகலிலே இலை விரிக்கும், இரவிலே மூடும். வெயிலுக்கு விரிகிறது என்று எவரும் சொல்லிவிடுவர். 1729ஆம் ஆண்டில் மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர் அச்செடியை இருட்டறையிலே வைத்தார். கதிரவன் ஒளியே இல்லை. ஆயினும் விரியும் வேளையில் விரிந்தது, மூடும் வேளையில் மூடியது. உயிரின் உள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு என்பதற்கு அது முதல் சான்று. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களை ஆராய்ந்து கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. செடிக்கும் ஈக்கும் உண்டெனில் மனிதனுக்கு இராதா? மூளையின் அடிப்பகுதியிலே, கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, அது அமைந்திருக்கிறது.

அக்கடிகாரத்துக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. பெரும்பாலானோர்க்கு அது 24 மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். ஆகவே, திருத்துவோர் இன்றேல் நாள்தோறும் சிறிது பின்தங்கும். அதைத் திருத்தும் கை எது? காலை ஒளி! கண்ணிலே, உருவம் காண்பதற்கென்று அல்லாமல், ஒளியின் அளவை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே தனி அணுக்கள் உள்ளன. காலையிலே ஒளி பட்டால் கடிகாரம் முன்னே நகரும். இரவிலே ஒளி பட்டால் பின்னே தள்ளும். பதினோர் இரவு, பகலெனப் படர்ந்த விளக்கொளியில் நின்றவனுடைய கடிகாரம் என்னவாகும்? பின்னே, பின்னே, மேலும் பின்னே! கண்ணேறும் இல்லை, கிரகமும் இல்லை. விளக்கும் வேலையும் செய்த வேலை இது.

இன்னொன்று. 1938ஆம் ஆண்டில் கிளைட்மன் என்ற அறிஞரும் அவருடைய மாணவர் ஒருவரும், அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக் குகை ஒன்றில் 32 நாள் தங்கி, ஒரு நாளுக்கு 28 மணி என்று வகுத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தனர். மாணவரின் உடல் இணங்கிற்று; ஆசிரியரின் உடல் இணங்க மறுத்தது. அறிவிலே குறைந்தவரா அவர்? உறுதியிலே தளர்ந்தவரா? அல்லர். உடலுக்கு உடல் அமைப்பு வேறு. வளரிளம் பருவத்தினருக்கு இயல்பாகவே உறக்கம் தாமதித்து வருகிறது என்பதும் ஆராய்ந்து கண்ட உண்மை. எனவே, நேரம் கழித்து எழுபவனெல்லாம் சோம்பேறி என்று தீர்ப்புக் கூறுவோர், முதலில் சான்றைப் பார்த்திடல் வேண்டும்.

பழந்தமிழர் பொழுதைப் பகுத்த முறையை எண்ணிப் பாருங்கள். மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு. நிலத்துக்கு நிலம் பொழுது வேறு என்று இலக்கணம் செய்தனர். வேளாங்கண்ணியோ மருதமும் நெய்தலும் கைகோக்கும் ஊர். ஒரு புறம் காவிரி நீர் கண்ட கழனி. மறுபுறம் வங்கக் கடல். உழவன் விடியலில் எழுகிறான். மீனவன் பின்னிரவில் படகேறி, பகலிலே உறங்குகிறான். உழவன் கண்ணுக்கு மீனவன் பகல் தூங்கி; ஆனால் காற்றையும் கடலையும் கணக்கிட்டு வகுத்த ஒழுங்கு அது. ஒழுங்கு என்பது எல்லோரும் ஒரே மணிக்கு எழுவதன்று. இரண்டு பொழுதும் இயற்கையோடு ஒட்டியவை. மூன்றாவதாக ஒரு பொழுது இன்று அவ்வூரில் வந்து சேர்ந்திருக்கிறது. அது நிலத்தைச் சார்ந்ததன்று, கல்லாப் பெட்டியைச் சார்ந்தது!

அந்தத் தலத்தின் மரபிலே ஒரு சிறுவன் வருகிறான். நாகைக்குப் பால் கொண்டு சென்றவன், வழியிலே குளக்கரை ஆலமரத்தடியில் களைப்பாறினான். அங்கே அன்னை தோன்றித் தன் குழந்தைக்குப் பால் கேட்டாள். கொடுத்துவிட்டு, தாமதத்துக்கும் குறைந்த பாலுக்கும் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான் என்பது கதை. நம்புவோர் அதிலே அருளைக் காண்பர். அது அவர் உரிமை. என் கண்ணில் நிற்பது அந்தச் சிறுவனின் களைப்பு. மரநிழலில் சற்று இளைப்பாறியதற்கு ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்ததே, அதுதான்! கதை நடந்த காலம் எதுவாயினும், அந்த மன்னிப்பு இன்னும் முடிந்தபாடில்லை. நாற்பது நாள் முன்புவரை இரவெல்லாம் நின்ற இளைஞனும் அதைத்தான் கேட்டுக் கொண்டிருக்கிறான்.

தஞ்சைத் தரணியிலே உறக்கம் என்றுமே உழைப்பவனின் உடைமையாக இருந்ததில்லை. பண்ணையாள் வாழ்ந்த வாழ்வை நினைத்திடுக. இருள் பிரியுமுன் களத்தில் நிற்க வேண்டும். இருள் கவிந்த பிறகுதான் குடிசை. பிந்தினால் சவுக்கடி, எதிர்த்தால் சாணிப்பால்! நிலம் மிராசுதாரருடையது, நெல் அவருடையது, ஆளும் அவருடையவன். ஆளின் இரவு மட்டும் ஆளுக்குச் சொந்தமாகுமா? செங்கொடி ஏந்திய போராட்டங்கள் எழுந்தன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே கூலியோடு சேர்த்து மீட்கப்பட்டது மனிதனின் பொழுது.

நகரத்திலும் அதே போர். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தன் விருப்பம் — இதுதான் மே தினத்தின் மூலமுழக்கம். சிங்காரவேலர் 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னையில் அவ்விழாவை நடத்தினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. கட்டிய வரம்பு நிலைத்துவிட்டது என்று நாம் உறங்கிவிட முடிந்ததா? 2023 ஏப்ரலில், நாளுக்கு 12 மணி வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அந்த மே தினத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. எட்டு மணி ஓய்வுக்குக் காவல் எப்போதும் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே, உறக்கம் மனிதனின் அடிப்படைத் தேவை, வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று கூறியது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்போ, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் முறைவேலையைப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவற்றின் வரிசையில் 2007இல் வைத்தது. 2019இலும் அதை உறுதி செய்தது.

"அப்படியானால், குற்றமெல்லாம் முதலாளியுடையது, நம்முடையது எதுவும் இல்லை?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "விழா முடிந்த பின்பு, இரவு பத்துக்கு வீடு திரும்புகிறாயே, மூன்று மணி வரை என்ன செய்கிறாய்?" தலைகுனிந்தான். கைப்பேசியை எடுத்துக் காட்டினான். "அண்ணே, அந்த நேரம் ஒன்றுதான் என் நேரம். மற்றதெல்லாம் அவர்கள் நேரம். தூங்கிவிட்டால் உடனே விடிந்துவிடும். மறுபடியும் அவர்கள் நேரம் வந்துவிடும்."

தோழர்களே, அந்த விடையை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். அதிலே ஓர் ஏக்கம் இருக்கிறது. விடுதலை வேட்கையே இருக்கிறது. ஆனால், அந்த விடுதலையின் விலையை யார் கொடுக்கிறார்? முதலாளிக்கு ஒரு காசு நட்டமில்லை. நாளைய அவனிடமிருந்து இன்றைய அவன் பறித்துக்கொள்கிறான்! தன் குடிசைக் கூரையைப் பிடுங்கித் தானே குளிர் காய்வதற்கு விடுதலை என்றா பெயர்? அன்றியும், அந்தக் கைப்பேசிக்குள்ளே இருப்பவனும் ஒரு முதலாளியே! கண் விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் விளம்பரமாக்கி விற்கிறான். பகலைக் கூலி கொடுத்து ஒருவன் வாங்கினான். இரவைக் கூலி கொடாமலே மற்றவன் வாங்குகிறான். இரு பண்ணைக்கு ஓர் ஆள்!

ஆகவே, கடமை இரு பகுதி. பறிக்கப்படும் உறக்கத்தைக் கேட்டுப் பெற வேண்டும். கையிலிருக்கும் உறக்கத்தைக் காத்திட வேண்டும். முன்னது சேர்ந்து செய்ய வேண்டியது. பின்னது தனியே செய்ய வேண்டியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவன், முதலாளியாக இருப்பினும் போராளியாக இருப்பினும், பாதி உண்மைதான் பேசுகிறான்.

அவனிடம் கூறியது இதுதான்: படுக்கும் நேரத்தோடு போராடாதே, கட்டளையிட்டால் உறக்கம் வராது. எழும் நேரத்தைப் பிடித்துக்கொள். இன்று எழுவதைவிட அரைமணி முன்னதாக எழு. சில நாள் அதிலே நின்று, மேலும் அரைமணி முன்னேறு. விடுமுறை நாளென்று விட்டுவிடாதே. எழுந்ததும் வெளியே வா — கடற்கரை உன் காலடியில் இருக்கிறது, கதிரவன் அங்கேதான் எழுகிறான்! நண்பகலுக்குப் பின் தேநீரைக் குறை. பகலில் கண் சொக்கினால் இருபது நிமிடத்துக்கு மேல் படுக்காதே. இரவு விளக்கைத் தணித்து, கைப்பேசியைப் பாயிலிருந்து தொலைவிலே வை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையை நாடாதே. சில வாரம் முயன்றும் மாறாவிடில், மருத்துவரிடம் காட்டு. மீண்டும் இரவுமுறை வந்தால், பகலில் அறையை இருட்டாக்கி உறங்கு. அதை ஒருவர் பழித்தால், மீனவர் தெருவைக் காட்டு.

"இன்னொன்றும் செய்" என்றேன். "உன்னைப்போல் எத்தனை பேர் அங்கே?" ஒன்பது பேர் என்றான். "ஒன்பது பேரும் சேர்ந்து போய், இரவுமுறை முடிந்து பகல்முறை தொடங்க இரண்டு நாள் இடைவெளி கேளுங்கள்."

மூன்று வாரம் கழித்து வந்தான். எழுவது இப்போது ஆறரை மணிக்கு. ஓரிரவு தவறினான், மறுநாள் திருத்திக்கொண்டான். வேலை நிற்கிறது, தேர்வுப் புத்தகம் திறந்திருக்கிறது. இடைவெளி கேட்டதற்கு இரண்டு நாளன்று, ஒரு நாள் கிடைத்திருக்கிறது. பிடித்த கூலி திரும்பவில்லை. "மீதியைக் கேட்போம் அண்ணே" என்றான். குரலிலே பழைய களைப்பு இல்லை. களைத்தவன் மன்னிப்புக் கேட்பான். உறங்கி எழுந்தவன் உரிமை கேட்கிறான்!

ஆகவேதான் எழுதுகிறேன். நாம் பகைத்தது உறக்கத்தை அன்று, உறங்க வைத்தோரை. நமது இயக்கக் கூட்டங்களும், பின்னிரவு வரை பேசினால்தான் பெருமை என்ற எண்ணத்தை விட்டு, மறுநாள் உழைக்கப் போகிறவனை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பட்டும். விழித்தெழு என்று இனியும் முழங்குவோம். ஆனால், விழித்து எழ வேண்டுமாயின், ஒருவன் முதலில் உறங்கியிருக்க வேண்டுமல்லவா?