வீழ்ந்தவன் குற்றமா?

கட்டிட வேலைத்தலத்தில் உயரத்திலிருந்து ஒருவன் வீழ்ந்து மாண்டால், மறுநாள் பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரிச் செய்தி வெளிவரும். "தொழிலாளி தவறி வீழ்ந்து இறந்தார்" என்று அது கூறும். 'தவறி' என்ற அந்தச் சிறு சொல்லைச் சற்று ஆராய்வோம். தவறியது எது? பலகையைப் பிணைத்த கயிறாக இருக்கலாம். உளுத்துப்போன மரமாக இருக்கலாம். ஓரத்தில் தடுப்புக் கம்பி அமைக்காது விட்டதாகவும் இருக்கலாம். ஆனால், வினையெச்சத்துக்கும் வினைமுற்றுக்கும் எழுவாய் ஒன்றே என்பது மாணவருக்கு நாம் கற்பிக்கும் விதி. இறந்தவனே தவறியவனும் ஆகிவிடுகிறான். விசாரணை தொடங்குமுன்னரே இலக்கணம் தீர்ப்பு வழங்கிவிடுகிறது!

இத்தீர்ப்புக்கு ஆதரவாக மூன்று நியாயங்கள் கூறப்படுவதுண்டு. விதி என்பது ஒன்று. தெரிந்துதானே ஏறினான் என்பது இன்னொன்று. கவனக்குறைவு என்பது மூன்றாவது.

விதி என்பாருக்கு ஒரே ஒரு வினா: தடுப்புக் கம்பியும் உறுதியான பலகையும் உள்ள இடத்தில் அவ்விதி ஏன் வலுவிழந்து போகிறது? இருபது ரூபாக் கயிற்றுக்கு அஞ்சும் விதியை நாம் விதியென்று மதிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நியாயம் நீதிமன்றங்களிலேயே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆபத்தை அறிந்தும் வேலையில் நிலைத்தவன் அந்த ஆபத்துக்குத் தானே இணங்கியவன் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நீதிபதிகள் பலர் கருதினர். ரயில் பாதைக்காகப் பாறை துளைத்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவனின் தலைக்கு மேலாகப் பாரந்தூக்கி கற்களைக் கொண்டுசென்றது. கல்லொன்று வீழ்ந்து அவன் படுகாயமுற்றான். ஆபத்தை அவன் அறிந்தே இருந்தான். ஆயினும், அறிந்திருத்தல் இணங்குதல் ஆகாது என்று 1891ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை, ஸ்மித் எதிர் பேக்கர் என்ற அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. பசியுள்ளவன் முன்னால் வேலையையும் ஆபத்தையும் ஒன்றாய்க் கட்டி வைத்துவிட்டு, 'நீயே விரும்பி எடுத்தாய்' என்பது சுதந்திரத்தின் பெயரால் செய்யப்படும் வஞ்சனையன்றி வேறென்ன?

இனி, கவனக்குறைவு. 1933ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேற் பாலத்தின் வேலை ஆரம்பமாயிற்று. பத்து இலட்சம் டொலர் வேலைக்கு ஓர் உயிர் பலியாகும் என்பது அந்நாளைய கட்டிடத் துறையினரின் கணக்கு. மூன்றரைக் கோடி டொலர் செலவான அப்பாலத்துக்கு அக்கணக்கின்படி 35 உயிர்கள் வேண்டும்! எவனும் கால் இடறுமுன்னரே எத்தனை பேர் இறப்பர் என்று கணக்கிட முடியுமாயின், அச்சாவுகளைத் தனிமனிதரின் கவனக்குறைவென்று எங்ஙனம் கூறலாம்?

பிரதம பொறியியலாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் அடியில் ஒரு பெரும் வலையைக் கட்டுவித்தார். அதற்கு ஏறக்குறைய 130,000 டொலர் செலவாயிற்று. முழுச் செலவில் நூறு ரூபாவுக்கு ஐம்பது சதமும் ஆகவில்லை. மேலேயிருந்து வீழ்ந்த 19 பேரை அவ்வலை தாங்கிக் காத்தது. வீழ்ந்தவருள் கவனமுள்ளவர் யார், கவனமற்றவர் யார் என்று அது வினவவில்லை. மனிதன் களைப்பான், இடறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, அதன்பின் அவன் உயிரைக் காப்பது எவ்வாறு என்று சிந்தித்ததன் பயனே அவ்வலை.

அதே பாலத்தில் 1937 பெப்ரவரி 17ஆந் திகதி, அடியில் தொங்கிய பாரமான சாரக்கட்டு பிடிவிட்டுச் சரிந்து, வலையையும் கிழித்துக்கொண்டு கடலில் வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். அப்பாலத்தில் இறந்த பதினொருவருள் பதின்மர் அந்த ஒரு நாளில் மறைந்தவர்களே. அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருப்பினும் காலடியில் நின்ற சாரக்கட்டே போனபின் செய்வதென்ன?

பாதுகாப்புப் பட்டியைக் கொடுத்தாலும் தொழிலாளி கட்டமாட்டான் என்று சிலர் கூறுவர். இது முற்றிலும் பொய்யன்று. ஆனால் சதுர அடிக்கு இவ்வளவென்று கூலி பேசப்பட்ட இடத்தில், பட்டியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு நிமிடமும் அவன் கூலியிலிருந்தே கழிகிறது. பட்டியைக் கொளுவுவதற்கு உறுதியான இடமும் பல வேளைகளில் இருப்பதில்லை. வேகத்துக்கு மாத்திரம் விலை கொடுத்துவிட்டு நிதானத்தை இனாமாகக் கேட்பது நீதியாகுமா?

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், தொழிலால் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு பெறும் உரிமையை வழங்கியது. முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும் என்ற சுமை தொழிலாளியின் தலையில் இல்லை. அது பெரிய முன்னேற்றமே. ஆயினும், இழந்த கைக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு என்று அட்டவணை வகுத்துச் செல்லும் நட்டஈடு வீழ்ந்தபின் வருவது. அறம் வீழுமுன் வரவேண்டியது. ஆபத்தைத் தடுக்கும் பணமும் அதிகாரமும் எவரிடம் உண்டோ, பொறுப்பும் அவரிடமே முதலில் உண்டு.

இவ்வாறு கூறும்போது பெருமுதலாளிகளை மாத்திரம் எண்ணி நாம் ஆறுதலடைய முடியாது. ஆசிரியரும் உத்தியோகத்தரும் கடன்பட்டு வீடு கட்டுவிக்கும் சில மாதங்களுக்கு, மேசனுக்கும் கையாளுக்கும் நாமே முதலாளிகள். குறைந்த தொகை கேட்ட கொந்தராத்துக்காரருக்கே வேலையைக் கொடுக்கிறோம். எதைக் குறைத்து அவர் தொகையைக் குறைத்தார் என்று கேட்பதில்லை. நம்மிடம் கற்கும் பிள்ளைகளுள் சிலர் நாளை சாரக்கட்டில் ஏறுவர். சிலர் கீழே நின்று மதிப்பீடு எழுதுவர். அந்த மதிப்பீட்டில் சீமெந்துக்கு ஒரு வரி உண்டு, மணலுக்கும் கம்பிக்கும் ஒவ்வொரு வரி உண்டு. நல்ல பலகைக்கும் தடுப்புக் கம்பிக்கும் ஒரு வரி உண்டா என்று முதலில் பார்ப்பதற்கு அவர்களைப் பழக்குவோமாக; நாமும் பழகுவோமாக.