பாட்டனின் பொய்

கிராமத்து மூதாதை ஒருவனைத் தேடிப் போவது யாருக்காக? செத்தவனுக்காகவா, தேடுகிறவனுக்காகவா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் தேடல் ஆரம்பமாகிறது.

நேட்டாலை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ந் தேதி டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம். ஓர் ஆளுக்கு ஒரு வரி. நான்காம் தலைமுறைப் பேரன் ஒருவன் அந்த ஒரு வரியின் நகலோடு வட ஆற்காட்டுப் பக்கம் ஊர் தேடி வருகிறான். தமிழ் அவன் வீட்டை விட்டு எப்போதோ போய்விட்டது.

அதே ஊரில் கப்பலேறாமல் தங்கிவிட்ட அண்ணனுக்கு இந்த ஒரு வரியும் இராது. ஊர்க் கணக்கு நிலத்தைப் பற்றியது. பட்டா உள்ளவனுக்கே அதில் பெயர்; பிறர் நிலத்தில் உழுதவனுக்கு இல்லை. தம்பிக்கு வரி கிடைத்ததும் அவன் மனிதன் என்பதால் அல்ல. ஆள் மாறிவிடக்கூடாது, தப்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான் முழங்கால் தழும்பைக்கூடக் குறித்தார்கள். பேரன் கண்கலங்கப் படிக்கும் வரி, சரக்குக்காக எழுதப்பட்ட வரி.

இதைவிடச் சங்கடமானது ஜாதிக்கான கட்டம். வரிசையில் நின்றவன் ஏதோ சொன்னான். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டான். ஊரில் உச்சரிக்கவே துணியாத ஒரு ஜாதியை அங்கே அவன் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். தகப்பன் பெயரையே மாற்றியிருக்கலாம். தன் வாழ்க்கையைப் பற்றித் தானாக அவன் சொன்ன ஒரே வாக்கியம் அந்தப் பொய்யாக இருக்கக்கூடும். பேரன் வந்து விசாரித்தால், “நீங்க எந்தத் தெரு?” என்றுதான் ஊர் முதலில் கேட்கும். விடை கிடைத்துவிட்டால், கடல் தாண்டித் தப்பியவன் மறுபடி அதே தெருவில் நிறுத்தப்படுகிறான். இம்முறை உண்மையின் பெயரால், சொந்த ரத்தத்தின் கையால்.

அப்படியானால் தேடவே கூடாதா? அப்படிச் சொல்லிவிடுவதும் சுலபமான தப்பித்தல். மறதி யாருக்கும் சார்பற்றதல்ல. கூலி கொடுத்தவனுக்கே அது வசதி. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள்மீது 1895ந் வருஷச் சட்டம் விதித்த மூன்று பவுன் வரி, 1914ல் அது ஒழிந்தது: இவை தோண்டி எடுக்கப்பட வேண்டியவை. ஒருவனுக்குச் செய்யப்பட்டதைக் கடைசிவரை தேடலாம், தேடத்தான் வேண்டும். அவனாக மறைத்ததைத் தேடும் உரிமை பேரன் என்பதால் மட்டும் வந்துவிடாது. இரண்டும் ஒரே வரியில் எழுதப்பட்டிருப்பதுதான் சிக்கல்.

பட்டியலில் கிராமத்தின் பெயர் சில சமயம் எந்த ஊரோடும் பொருந்துவதில்லை. குமாஸ்தாவின் பிழை என்று சொல்லி, பேரன் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்புகிறான். பிழை குமாஸ்தாவினுடையதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.